நெல் வயலின் நீள்கழுத்துத் தரைவண்டு

விதைத்து ஐந்து வாரம் சென்ற நெற்பயிரிலே சில இலைகள் நீளவாட்டில் மடிந்து குழல்போல ஒட்டியிருப்பதையும், அவற்றின்மேல் வெண்கோடுகள் தோன்றுவதையும் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். இஃது இலைசுருட்டிப் புழுவின் வேலை. இதனைக் கண்டவுடன் மனம் கலங்குவது இயல்பே. அயல் வயற்காரர் தெளிகருவியை முதுகில் ஏற்றிவிட்டால் அக்கலக்கம் இருமடங்காகும். எனினும் கடைக்குச் சென்று போத்தல் வாங்குவதற்கு முன்னர், மடிந்த இலைகளில் ஓர் இருபதைப் பறித்து, மடிப்பை மெதுவாக விரித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். சிலவற்றில் பசுமஞ்சள் நிறமான புழு இருக்கும். சிலவற்றில் அதன் எச்சம் மட்டுமே இருக்கும். சிலவற்றிலோ, புழுவுக்குப் பதிலாக, எறும்பை ஒத்த செந்நிறச் சிறு வண்டொன்று விரைந்து வெளிப்பட்டு இலையின் மறுபுறத்தில் ஒளிந்துகொள்ளும்.

இவ்வண்டைப் பிடித்துவந்து, "இலையைத் தின்பது இதுதான், இதற்கு என்ன எண்ணெய் அடிக்கலாம்?" என்று கேட்போர் உளர். களவு நடந்த வீட்டில் நின்ற காவற்காரனையே கள்வன் என்று பிடித்துக்கொடுப்பது போன்றது இது. வண்டு அம்மடிப்பினுள்ளே சென்றது இலையைத் தின்பதற்கன்று. இலையைத் தின்ற புழுவைத் தின்பதற்கே. அதனைப் பீடையென்று தவறாகக் கருதி மருந்து தெளிக்கும் கமக்காரர், தம் காசைச் செலவிட்டுத் தம் வேலையாளையே கொல்கின்றார். அதன் விளைவு அன்றே தெரிவதில்லை. கதிர் பால்பிடிக்கும் காலத்தில் வயலின் நடுவே பயிர் எரிந்தாற்போல வட்டமாகக் காயும்போதே தெரிகின்றது. ஆகவே இவ்வண்டின் உருவத்தையும் வாழ்க்கையையும் சற்று விரிவாக இப்பிரசுரத்தில் கூறுகின்றோம்.

அடையாளம்

இவ்வண்டு ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிமீற்றர் வரை நீளமுடையது. ஒரு நெல்மணியின் நீளம் என்று கொள்ளலாம். உடல் ஒடுங்கியது, வன்மையானது, மெருகிட்டாற்போல மினுங்குவது. தலை கருமை அல்லது கருநீலம். தலைக்குப் பின்னே உடல் மெலிந்து, கழுத்துப்போல நீண்டிருக்கும். இந்த நீண்ட கழுத்தே இதன் தலையாய அடையாளம். ஒருமுறை கண்டவர் மறவார். கழுத்தும் மார்பும் செம்பழுப்பு நிறமானவை. முதுகை மூடியிருக்கும் சிறகுறைகளும் செம்பழுப்பே. ஆனால் அவற்றின் குறுக்கே கருநீலப் பட்டி ஓடும். சில இனங்களில் அப்பட்டியின்மேல் சிறிய வெண்பொட்டுகளும் உண்டு. கால்கள் நீண்டவை, ஓட்டம் மிக விரைவானது. பறக்கச் சிறகு உண்டெனினும், அகப்பட்டால் பெரும்பாலும் ஓடியே தப்ப முயலும்.

இதனை இருவகைப் பூச்சிகளோடு மயங்குதல் கூடும். முதலாவது எறும்பு. எறும்புக்கு இடை மெலிந்திருக்கும். இவ்வண்டுக்குக் கழுத்தே மெலிந்திருக்கும். அன்றியும், எறும்பின் முதுகில் வன்மையான சிறகுறை கிடையாது. இரண்டாவது, பீடரசு என்னும் குறுஞ்சிறகு வண்டு. நிறத்தில் இரண்டும் பெரிதும் ஒத்தவை: செம்மையும் கருமையும் மாறிமாறி வரும். ஆனால் பீடரசின் சிறகுறை மிகக் குட்டையானது; வயிற்றின் பெரும்பகுதி மூடப்படாது வெளியே தெரியும். நாம் கூறும் தரைவண்டிலோ சிறகுறை வயிற்றை ஏறக்குறைய முற்றும் மூடியிருக்கும். இவ்வேறுபாட்டை அறிந்து வைத்தல் உடல்நலத்துக்கும் நன்று. பீடரசைத் தோலின்மேல் நசுக்கினால் அதன் உடற்சாறு பட்ட இடம் சிவந்து கொப்புளிக்கும். விளக்கொளிக்கு வந்து கழுத்தில் விழும் பூச்சியைத் தூக்கக் கலக்கத்தில் தேய்த்துவிட்டு, மறுநாள் புண்ணோடு எழுவோர் பலர். நீள்கழுத்து வண்டில் அவ்வகை நஞ்சில்லை. பீடரசும் வயலில் பீடைகளைத் தின்னும் உபகாரப் பூச்சியே; ஆகவே உடலில் ஏறினால் நசுக்காது ஊதித் தள்ளுக.

பெயரும் குலமும்

வன்சிறகுடைய பூச்சிகளாகிய வண்டினத்தில், தரைவண்டுக் குடும்பம் மிகப் பெரியவற்றுள் ஒன்று. உலகெங்கும் ஏறக்குறைய 40,000 இனங்கள் அதில் அடங்கும். அவற்றுட் பெரும்பாலானவை பகலிற் கல்லின்கீழும் சருகின்கீழும் மறைந்திருந்து, இரவில் நிலத்தில் ஓடி வேட்டையாடுவன. தொட்டவுடன் வெடிப்பொலியோடு கொதிக்கும் புகையைப் பின்புறத்தால் வீசும் பீரங்கி வண்டும் இக்குடும்பத்ததே. நாம் கூறும் வண்டு இக்குடும்பத்தில் ஒபியோனியா என்னும் சாதியைச் சேர்ந்தது. உறவினர் நிலத்தில் ஓடித் திரிய, இது புல்லிலும் நெல்லிலும் ஏறி வேட்டையாடப் பழகிக்கொண்டது. ஒடுங்கிய உடலும் நீண்ட கழுத்தும் மடிந்த இலையினுள்ளே நுழைவதற்கென்றே அமைந்தாற்போலத் தோன்றும்.

ஒபியோனியா என்னும் சாதிப்பெயரை 1821 ஆம் ஆண்டிலே சேர்மனியரான குலூக் என்பார் வகுத்தார். பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதில் அடங்கியுள்ளது. கழுத்தை நீட்டித் தலையை இருபுறமும் அசைத்து இலைமேற் செல்லும் வண்டைப் பார்த்தால், பெயர் பொருத்தமென்றே தோன்றும். பழைய பூச்சியியல் நூல்கள் சிலவற்றில் கஸ்னொய்டியா என்ற பெயரும் இதற்கு வழங்கியது. நம் நாட்டிலும் இந்தியாவிலும் காணப்படும் ஒபியோனியா இந்திகா என்னும் இனத்தை முதன்முதல் விவரித்தவர், சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞரும் லின்னேயசின் மாணவருமாகிய துன்பேர்க்கு, ஆண்டு 1784. அவர் யப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777-78 இல் இலங்கையில் தங்கியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. தென்கிழக்காசியாவின் நெல் வயல்களில் ஒபியோனியா நைகிரோபசியாட்டா என்னும் கரும்பட்டி இனம் மிகுதி. இனத்துக்கு இனம் பட்டியின் அகலமும் பொட்டும் வேறுபடுமேயன்றி, கமக்காரருக்கு இவை செய்யும் உதவியில் வேற்றுமையில்லை. எனவே இவையனைத்தையும் நீள்கழுத்து வண்டு என்றே இங்கு வழங்குவோம்.

வேட்டை

இலைசுருட்டிப் புழு, தான் சுரக்கும் நூலினால் இலையின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்து, அக்குழலினுள்ளே இருந்து இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். வெளியே எஞ்சுவது வெள்ளைத் தோல். மடிப்பு அப்புழுவுக்கு வீடும் கோட்டையும் ஆகும். பறவையும் மழையும் அதனை எளிதில் அணுகா. தெளித்த மருந்தும் மடிப்பின் வெளிப்புறத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். நீள்கழுத்து வண்டோ குழலின் வாயிலிற் புகுந்து, புழுவை அதன் வீட்டிலேயே பற்றுகின்றது. வளர்ந்த வண்டு மட்டுமன்றி, அதன் புழுப்பருவமும் இவ்வேட்டையில் வல்லது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் லொஸ் பாஞோசு நகரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், இத்தகைய வண்டு ஒன்று நாளொன்றுக்கு 3 முதல் 5 வரையான இலைசுருட்டிப் புழுக்களைத் தின்னுமெனக் கூறியுள்ளனர். இலைசுருட்டி மிகுந்த இடத்தில், முற்றிவரும் பயிரில் பல வண்டுகள் ஒருங்கே கூடியிருத்தலையும் அவர்கள் குறித்துள்ளனர்.

இக்கணக்கைக் கொண்டு, பத்து நாளில் ஒரு வண்டு ஐம்பது புழுவை ஒழித்துவிடும் என்று பெருக்கிப் பார்த்தல் கூடாது. வயலில் இரை அடுத்தடுத்துக் கிடைப்பதில்லை. தேடுவதிலேயே வண்டின் பொழுதிற் பெரும்பகுதி கழியும். ஆயினும் அது தேடுவதை நிறுத்துவதில்லை, கூலியும் கேட்பதில்லை.

இலைசுருட்டியோடு இதன் வேட்டை முடிவதன்று. நெற்குருத்தை வெங்காயத்தாள் போன்ற வெள்ளிக்குழலாக மாற்றும் ஆனைக்கொம்பன் ஈயைக் கமக்காரர் அறிவர். அக்குழலினுள்ளே இருக்கும் ஈயின் புழுவையும் கூட்டுப்புழுவையும் நீள்கழுத்து வண்டு தின்பது நம் நாட்டு வயல்களிலும் இந்திய வயல்களிலும் காணப்பட்டுள்ளது. குழலாகிவிட்ட குருத்து கதிர் ஈனாது என்பது உண்மையே. எனினும் உள்ளிருக்கும் ஈ வெளிப்பட்டு அடுத்த குருத்தில் முட்டையிடுவது இதனால் தடைப்படுகின்றது. இன்னும், பயிரின் அடித்தண்டில் இறங்கி, அறக்கொட்டி என்று கிழக்கு மாகாணத்துக் கமக்காரர் கூறும் கபிலநிறத் தத்தியையும் இவ்வண்டு பிடித்துத் தின்னும். இறுதியிற் கூறிய இவ்வேலையே எல்லாவற்றிலும் பெரிது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

வரம்பிலே கழியும் பருவம்

எல்லா வண்டுகளையும் போல இதுவும் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என நான்கு நிலைகளைக் கடந்து வளர்வது. புழு கரிய நிறமும் மினுக்கமும் உடையது, நீண்டு ஒடுங்கியது, மார்பில் ஆறு கால்களுண்டு, வண்டைப் போலவே விரைந்து ஓடும். இலைசுருட்டிப் புழுவோ பச்சை நிறமும் மென்மையான உடலுமுடையது. வயிற்றின் கீழும் சதைக்கால்களைக் கொண்டது. கரிய புழு இலைமடிப்பினுள் இருக்கக் கண்டால் அதனை நசுக்காது விடுக. "கறுப்புப் புழு, பச்சைப் புழுவைவிடக் கொடியது" என்று எண்ணி முதலில் அதனைக் கொல்வோரும் உண்டு. நிறத்தைக் கொண்டு குணத்தை அளக்கும் இவ்வழக்கம் பூச்சிகளிடத்தும் பிழையாகின்றது.

புழு முதிர்ந்ததும் பயிரைவிட்டு இறங்கி மண்ணுள்ளே கூட்டுப்புழுவாகும். நீர் நிற்கும் வயலில் அதற்கு உலர்ந்த மண் எங்கே உண்டு? வரம்பிலேதான். மேட்டுநிலப் பயிரிலாயின் நிலத்திலேயே கூட்டுப்புழுவாகும். ஆகவே தாழ்நில வயலில் வரம்பென்பது நீரைத் தேக்கும் மண்சுவர் மட்டுமன்று. இவ்வண்டின் தொட்டிலும் அதுவே. அறுவடை முடிந்து வயல் வெறுமையாய்க் கிடக்கும் காலத்தில் வரம்புப் புல்லும் வாய்க்காற் கரையும் அதற்கு ஒதுங்கிடமாகும். அடுத்த போகத்தில் பயிர் தழைத்தவுடன் அங்கிருந்தே அது வயலுள் இறங்கும்.

முதல் நாற்பது நாள்

இனி இலைசுருட்டிக்கு மருந்து தெளித்தலைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். இளம் நெற்பயிர் தன் தேவைக்கு மேலாகவே இலைகளை விடுகின்றது. மட்டம் வெடிக்கும் காலத்தில் சில இலைகள் சேதமுற்றாலும் புதிய இலைகள் தோன்றி அக்குறையை ஈடுசெய்யும். கதிருக்கு உணவூட்டுவதிற் பெரும்பங்கு கொள்ளும் கொடியிலையும் அதற்கு அடுத்த இலைகளும் அப்போது வெளிவந்திருப்பதுமில்லை. ஆகவே கண்ணுக்குப் பயங்கரமாகத் தோன்றும் வெள்ளை இலைகள் விளைச்சலைக் குறைப்பது அரிது. வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் 1994 ஆம் ஆண்டு முதல், "விதைத்து 40 நாள்வரை இலைசுருட்டிக்கு மருந்து தெளிக்க வேண்டியதில்லை" என்னும் ஒரே செய்தியை வானொலி நாடகங்களாலும் துண்டுப்பிரசுரங்களாலும் கமக்காரரிடையே பரப்பினர். நம்பாதவர்களுக்கு, "உமது வயலில் ஒரு சிறு பகுதியைத் தெளிக்காது விட்டுப் பாரும்" என்று மட்டுமே கூறினர். பலர் அவ்வாறே செய்து பார்த்தனர், மருந்தடிக்கும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை.

தெளிக்காததால் இழப்பில்லை என்பது ஒருபுறமிருக்க, தெளிப்பதால் வரும் இழப்பே நாம் முதன்மையாகக் கூறவேண்டியது. வயலுக்கு நீர் பாய்ச்சி உழுதவுடன், மண்ணிலுள்ள மக்கும் பொருளையும் நீர்ப்பாசியையும் உண்டு வாழும் சிறு பூச்சிகளும் கொசுவையொத்த நீரீக்களும் முதலிற் பெருகுகின்றன. இவை பயிருக்குத் தீங்கு செய்வனவல்ல. சிலந்திகளும் வேட்டைப் பூச்சிகளும் இவற்றை உண்டு, பீடைகள் வருவதற்கு முன்னரே வயலிற் குடிபுகுந்து பெருகுகின்றன. யாவாத் தீவின் வயல்களில் நடந்த ஆராய்ச்சிகள் இதனை நன்கு காட்டின. அதாவது, இயற்கையானது விருந்தாளி வருமுன்னரே காவலாளியை நிறுத்திவிடுகின்றது. இக்காலத்திலே, முப்பதாம் நாளில், பரந்த வேகமுடைய பூச்சிநாசினியை ஒருமுறை தெளித்தால் அக்காவலாளிகள் மடிகின்றன. நீள்கழுத்து வண்டு இலைமேல் ஓடித்திரிவது. மருந்து பட்ட இலையில் அதன் ஆறு கால்களும் வாயும் படுகின்றன. மருந்து தின்ற புழுவையும் அது தின்கின்றது. ஆகவே மடிப்பினுள் மறைந்திருக்கும் புழுவைவிட வேட்டைக்காகத் திரியும் வண்டே எளிதிற் சாகின்றது.

அதன்பின்னர் வருவது கபிலநிறத் தத்தி. இத்தத்தியின் பெட்டை இலையுறையின் தசையினுள்ளே கீறி, நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். மருந்து அம்முட்டைகளைத் தீண்டுவதில்லை. ஒரு வாரம் அளவிற் குஞ்சுகள் வெளிவரும்போது, அவற்றைத் தின்ன வயலில் எவரும் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முற்றுப்பெறும். இரண்டாம் தலைமுறையிலோ மூன்றாம் தலைமுறையிலோ அடித்தண்டு தெரியாதபடி தத்திகள் மொய்த்துச் சாறுறிஞ்ச, பயிர் வட்டம் வட்டமாகக் கருகும். கமக்காரர் மீண்டும் தெளிகருவியை எடுப்பர். மீண்டும் அதே கதை. பைரெத்திராய்ட்டு வகை மருந்துகள் சில, தெளிக்காத வயலைவிடத் தெளித்த வயலில் தத்தியைப் பன்மடங்கு பெருக்கியமை பல நாடுகளின் பரிசோதனை வயல்களிற் கண்டறியப்பட்டுள்ளது. மருந்து அடித்தும் அறக்கொட்டி வந்தது என்று கமக்காரர் வருந்துகின்றனர். மருந்து அடித்ததனாலேயே வந்தது என்பதே பல சமயங்களில் உண்மையாகும்.

இதற்கு ஒரு நாடே சான்று. இந்தோனேசியா அரசினர் நெல்லுக்குரிய பூச்சிநாசினிகளுக்குப் பெருந்தொகையை மானியமாகக் கொடுத்துவந்தனர். 1970களில் கபிலநிறத் தத்தி அங்கு பேரழிவை உண்டாக்கியது. 1984 இல் அரிசியில் தன்னிறைவு பெற்ற அந்நாட்டில், அடுத்த ஆண்டுகளிலே தத்தி மீண்டும் யாவாவைத் தாக்கியது. 1986 ஆம் ஆண்டிற் சனாதிபதி சுகார்த்தோ, நெற்பயிரில் 57 வகைப் பூச்சிநாசினிகளைப் பயன்படுத்துவதைக் கட்டளை மூலம் தடைசெய்தார். மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 இல் அற்றுப்போயிற்று. நெல் உற்பத்தி வீழ்ச்சியடையவில்லை. நம் நாட்டிலும் கிழக்கு மாகாணத்து வயல்களை 1970களில் இத்தத்தி வாட்டியதை முதியோர் மறந்திரார். பின்னர் 1980களில் ஒருங்கிணைந்த பீடைக் கட்டுப்பாட்டுப் பயிற்சியும், 1990களில் கமக்காரர் வயற் பாடசாலைகளும் தொடங்கப்பட்டன. தத்தியை எதிர்க்கும் இயல்பு நமது பழைய நெல்லினங்களிலேயே உண்டு என்பதும் அறியத்தக்கது: ரத்து ஹீனெட்டி, பாபவீ என்னும் இலங்கை இனங்களிலிருந்து பெற்ற எதிர்ப்பியல்புகளைப் பிற நாட்டு ஆராய்ச்சியாளரும் கையாண்டனர்.

நீள்கழுத்து வண்டு தனியே நின்று தத்தியை வெல்லும் என்று கூறுவது மிகையாகும். ஓநாய்ச் சிலந்தி, தத்தியின் முட்டைகளை உறிஞ்சும் பச்சை நிற மிரிட் மூட்டுப்பூச்சி, பொறிவண்டு, பீடரசு ஆகிய பலவும் சேர்ந்தே அவ்வேலையைச் செய்கின்றன. ஆனால் இலைசுருட்டியின் மடிப்பினுள்ளே நுழைந்து வேட்டையாடுவதில் இவ்வண்டுக்கு நிகரானவை சிலவே. அன்றியும், வயலில் அதனை எளிதிற் காணலாம். நீள்கழுத்து வண்டு உயிரோடு திரியும் வயலில் மற்ற நண்பர்களும் பிழைத்திருக்கும் என்று பெரும்பாலும் துணியலாம். ஆகவே இதனை ஓர் அளவுகோலாகவும் கொள்க.

வரம்பைப் பேணும் முறை

வரம்பைச் செதுக்கிச் சுத்தமாக வைப்பது நல்ல கமக்காரரின் அடையாளம் என்று நாம் கற்றுவந்தோம். அதில் நியாயமும் உண்டு: புதர் மண்டிய வரம்பில் எலி வளை தோண்டும், நீர் கசியும், களைவிதை வயலுள் விழும். எனினும் புல்லின் வேர் தெரியாமல் வழித்தெடுப்பதும், நெருப்பிட்டுக் கொளுத்துவதும், களைநாசினி தெளித்து வரம்பை வெறுமையாக்குவதும் வேண்டாதவை. புல்லைக் கத்தியால் தாழ வெட்டி, ஒரு சாண் உயரத்துக்கு உட்பட விடுதல் போதும். எலிக்கு ஒளிவிடம் இராது, வண்டுக்கு இருக்கும். எல்லா வரம்புகளையும் ஒரே நாளில் வெட்டாது, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில நாள் இடைவெளியில் வெட்டுதல் நன்று. நிலம் பண்படுத்தும்போது வரம்புக்கு மண் அணைத்துப் பூசுவது தவிர்க்க முடியாதது. ஆனால் பயிர் நிற்கும் காலத்தில் வரம்பின் உடலைக் கொத்திக் கிளறாதிருத்தல் வேண்டும், கூட்டுப்புழுக்கள் அதனுள் இருக்குமாதலின்.

வைக்கோலைக் களத்திலும் வயலிலும் கொளுத்தும் வழக்கமும் விடத்தக்கது. வைக்கோலை வயலுக்குத் திருப்பிக் கொடுத்தால் மண்ணும் வளம்பெறும். மக்கும் பொருளை உண்ணும் சிறு பூச்சிகளும் பெருகும். அவற்றை நம்பி வேட்டைப் பூச்சிகளும் முந்தி வரும்.

யூரியாவைப் பற்றியும் ஒரு சொல். அளவுக்கு மிஞ்சி யூரியா இட்ட பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, கண்ணுக்கு அழகாயிருக்கும். இலைசுருட்டி அந்துப்பூச்சிக்கும் தத்திக்கும் அவ்வழகு இன்னும் நன்றாகப் பிடிக்கும். சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பிரித்துப் பிரித்து இடுக. மரநிழல் விழும் மூலைகளில் இலைசுருட்டி மிகுதியாகக் காணப்படுவது இயல்பு. அம்மூலையைப் பார்த்து வயல் முழுவதையும் மதிப்பிடலாகாது.

தெளிக்குமுன் செய்யவேண்டியது

வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் வயலில் இறங்குக. வரம்போரத்தில் நின்று பார்ப்பது போதாது. வயலைக் குறுக்காகக் கடந்து, பத்து இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மடிந்த இலைகளைப் பிரித்துப் பார்க்க. உயிருள்ள புழு எத்தனை, வெறும் மடிப்பு எத்தனை, நீள்கழுத்து வண்டோ அதன் கரிய புழுவோ இருந்த மடிப்பு எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்க. பின்னர் அதே இடத்தில் குனிந்து, நெற்பயிரின் அடியைக் கையால் விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தத்தி உண்டா என்று பார்க்க. கையால் இரண்டொருமுறை தட்டினால் தத்திகள் நீரில் விழும். சிலந்திகளையும் எண்ணுக. ஒரு காணிக்கு இதற்கு அரைமணி நேரம் செல்லும்.

வெறும் மடிப்புகள் மிகுந்தும் புழுக்கள் குறைந்தும் இருந்தால், வெள்ளை இலைகள் எத்துணை தோன்றினும், வேலை முடிந்துவிட்டது என்று அறிக. அங்கு மருந்துக்கு இரை இல்லை. புழு மிகுந்தும் வண்டும் சிலந்தியும் காணப்பட்டும் இருந்தால், மூன்று நான்கு நாள் பொறுத்து மீண்டும் எண்ணுக. கொடியிலை வெளிவந்தபின் உயிருள்ள புழுக்கள் வாரத்துக்கு வாரம் பெருகி, நண்பர்களும் காணப்படாவிடின், உங்கள் கமநல சேவை நிலையத்தைச் சேர்ந்த விவசாயப் போதனாசிரியரை அழைத்து வயலைக் காட்டுக. மருந்து இன்றியமையாதது என்று அவர் கூறின், எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பகுதிக்கு என்பதையும் அவரிடமே கேட்டறிந்து, அப்பகுதிக்கு மட்டும் இடுக. இரண்டு மருந்துகளை ஒரே தாங்கியிற் கலந்து "ஒரேயடியாக" அடிப்பது கடைக்காரருக்கு இலாபம் தருமேயன்றி வயலுக்கு நன்மை தராது. வரம்பின்மேல் மருந்து படாதவாறு தெளிகருவியின் முனையைப் பயிரை நோக்கித் தாழப் பிடிக்க.

இவ்வண்டை இதுவரை கண்டறியாதவர்கள், ஐயமுள்ள பூச்சியை வெறும் தீப்பெட்டியில் ஓரிரு நெல்லிலைத் துண்டுகளோடு இட்டு, பெட்டிக்கு ஒன்றாக அடைத்து, அன்றோ மறுநாளோ போதனாசிரியரிடம் கொண்டு சென்று காட்டலாம். பெட்டியின்மேல் விதைத்த திகதி, பிடித்த திகதி, நெல்லினம், இதுவரை தெளித்த மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுதுக. காட்டியபின், உயிரோடிருந்தால், அதே வரம்பில் திறந்துவிடுக.